பொய்க்குத் தோற்கத் தெரியாத அக்கா

அன்றைக்கு அந்த ரெனிஸ் திடலில் ஆட்டம் நடந்தபோது நின்றவர்கள் யார் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இப்போது மருதனார்மடம் சந்தித் தேத்தண்ணிக் கடையில் இருக்கிற பாதிப் பேர் "நானும் அண்டைக்கு நிண்டனான்" என்கிறார்கள். நின்றிருந்தால் எனக்குத் தெரியாதா? படலையைத் திறந்து விட்டவனே நான்தான்.

நின்றவர்கள் இவ்வளவுதான். காணிக்காரர், கனடாவிலிருந்து கோயில் திருவிழாவுக்கு வந்தவர். அவர் கூட்டிவந்த தரகர், கலியாண மண்டபத்தின் படம் கீறிய கடதாசிச் சுருளோடு. ரெனிஸ் பழகுகிற பெண்பிள்ளைகள் ஆறு பேர். அதில் ஒரு பிள்ளையின் தகப்பன், வங்கியில் வேலை செய்கிறவர். உயரக் கதிரையில் புள்ளி சொல்ல என் மகள். அவளுக்குக் குடை பிடிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு என்ன நடக்குமோ என்று விடுப்புப் பார்க்க வந்த என் மனைவி. தண்ணீர்க் குழாயை விட்டால் விழுந்துவிடுவேன் என்பது போல அதை இறுக்கிப் பிடித்தபடி நான். வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்த பக்கத்து வளவு ஆடு. பிறகு அக்கா.

அக்காவின் பெயரை எழுதவில்லை. எழுதினால் "ஆரைக் கேட்டு எழுதினீர்?" என்று கேட்பார். 

அவர் பிறந்தது உடுப்பிட்டியில். சின்ன வயதிலேயே ஒரு சித்தியோடு ஜேர்மனிக்குப் போய்விட்டார். அங்கே தொடர்மாடி வீட்டுச் சுவரில் பந்தடித்துப் பழகி, பிறகு காசுக்கு ரெனிஸ் விளையாடுகிற ஆளாகவே வந்துவிட்டார். ஊரூராய்ப் போய் விளையாடுவது, வென்றால் அடுத்த ஊர், தோற்றால் வீடு. எங்கள் சனத்துக்கு அது விளங்கவில்லை. "விளையாட்டுச் சரி பிள்ளை, வேலை என்ன பாத்தனி?" என்று வயதானவர்கள் கேட்பார்கள். "விளையாட்டுத்தான் வேலை" என்பார். "உலகத்திலை எத்தினையாவது?" என்று வங்கிக்காரர் ஒரு நாள் கேட்டார். "கீழைதான். ஆனால் என்ரை பேர் அந்த வரிசையிலை இருந்தது" என்றார் அக்கா. வேறு யாருமென்றால் அந்த இடத்தில் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருப்பார்கள். போய்ப் பார்க்கப் போகிறோமா என்ன?

அவருடைய தமிழ் சின்ன வயதில் கொண்டுபோனபடியே இருந்தது. எங்கள் பிள்ளைகளே விட்டுவிட்ட சொற்களை அவர் வைத்திருந்தார். கட்டைக் காற்சட்டையும் வெயில் தொப்பியுமாய் நின்றுகொண்டு, "உவன் ஏன் உதிலை நிண்டு உலாஞ்சுறான்?" என்று ஆடி அசைந்துகொண்டு நிற்கிற தரகரைப் பார்த்துக் கேட்டால் எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியாது.

அந்தக் காணியில் முன்பு மரவள்ளி நின்றது. காணிக்காரருக்காகப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். விளையாட்டை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பி வந்த அக்கா, பிள்ளைகளைப் பழக்க அதைக் குத்தகைக்கு எடுத்தபோது என்னையும் காணியோடு சேர்த்து எடுத்துக்கொண்டார். எங்கள் பக்கத்துச் செம்மண்ணை அரித்துப் பரவி, தண்ணீர் தெளித்து, கொங்கிறீற் உருளையை இழுத்து இறுக்கி, காய்ந்த பிறகு சுண்ணாம்பால் கோடு போடவேண்டும். நடுவில் கட்டுகிற வலையைக் காங்கேசன்துறைப் பக்கத்து மீன்பிடிகாரர் ஒருவர் பின்னித் தந்தார். "உதிலை என்ன மீன் பிடிக்கப் போறியள்?" என்று கேட்டுக்கொண்டே பின்னினார்.

எனக்குப் பயம் கூட. இடம்பெயர்ந்தபோது எட்டாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் நின்றது. திரும்பி வந்த பிறகு போயிருக்கலாம். என்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு ஒரே வாங்கில் இருக்கவேண்டுமே என்ற பயத்தில் போகவில்லை. அன்றிலிருந்து இதுதான் கதை. மழை வந்தால் திடல் கரைந்துவிடும் என்று பயம். வராவிட்டால் கிணறு வற்றிவிடும் என்று பயம். மகள் ஏறி இருக்கிற உயரக் கதிரை இரும்பு, மின்னல் அடித்தால்? பந்து வேலிக்கு அங்காலே போனால், எடுக்கப் போகிற பிள்ளையை அந்த வீட்டு நாய் கடித்தால்? "இஞ்சாருங்கோ, பயப்பிட ஒண்டும் கிடைக்காத நாளிலை என்ன செய்யப் போறியள் எண்டதுதான் என்ரை பயம்" என்பாள் மனைவி.

முதன்முதல் திடல் போட்டு முடித்த அன்று பின்னேரம், வங்கிக்காரரும் இன்னும் இரண்டு மூன்று தகப்பன்மாரும் வந்து பார்த்தார்கள். "அந்தமாதிரி இருக்கு!" என்றார்கள். அக்கா குனிந்து, சப்பாத்தைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு முழுத் திடலையும் நடந்தார். நான் பின்னாலேயே போனேன்.

"எப்பிடி அக்கா?"

"வலப்பக்க மூலை மேடு. பந்து அங்கை விழுந்தால் துள்ளி மூஞ்சையிலை அடிக்கும். திருப்பிக் கொத்தோணும்."

அத்தனை பேர் முன்னிலையில். காது சுட்டது. ஒரு "பரவாயில்லை" சொன்னால் என்ன? வீட்டுக்கு வந்து மனைவியிடம், "இவவோடை வேலை செய்யேலாது" என்றேன். அடுத்த நாள் போய் அந்த மூலையைக் கொத்தித் திருப்பிப் போட்டேன். அக்கா மறுபடியும் வெறுங்காலோடு நடந்தார். கடைசி மூலைக்குப் போய்த் திரும்பி, "இப்ப சரி" என்றார். அவ்வளவுதான்.

அன்றைக்கு நான் சாப்பிட்ட சாப்பாட்டை மனைவி இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

பயந்த ஆளுக்கு ஆறுதல் சொல்ல ஊர் முழுக்க ஆள் இருக்கும். "ஒண்டும் நடக்காது", "எல்லாம் நல்லதுக்குத்தான்" என்பார்கள். அவர்கள் எல்லாருக்கும் அதையேதான் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். ஆகையால் ஒன்றையும் நம்பமாட்டேன். பயம் இன்னும் கூடும். அக்கா வந்த பிறகுதான், ஒரு ஆளின் "சரி"யை அப்படியே விழுங்கலாம் என்று கண்டேன். பிழையென்றால் பிழை என்று சொல்லியிருப்பார்தானே?

ஒரு முறை மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குக் கூப்பிட்டோம். மனைவி கத்தரிக்காய்க் குழம்பை விட்டுவிட்டு, "எப்பிடி அக்கா?" என்று வழக்கம்போலக் கேட்டாள். எங்கள் ஊரில் அந்தக் கேள்விக்கு ஒரு பதில்தான் உண்டு. அக்கா மென்று விழுங்கிவிட்டு, "உப்புக் கூட. ஆனால் கத்தரிக்காய் நல்ல பதம்" என்றார். மனைவியின் முகம் போன போக்கு! அவர் படலை தாண்டினாரோ இல்லையோ, "ஜேர்மனியிலை உப்பில்லாமல் திண்ட நாக்கு" என்று தொடங்கினாள். அடுத்த மாதம் பார்த்தால், கறி வைத்து இறக்க முதல் ஒரு சின்னக் கிண்ணத்தில் ஊற்றி, "உதை அக்காவிட்டைக் குடுத்துக் கேட்டுக்கொண்டு வாங்கோ" என்று என்னை அனுப்புகிறாள்.

மகளின் விசயம்தான் கஷ்டமாக இருந்தது.

என் பிள்ளையும் ஒரு வருடம் போல அக்காவிடம் பழகினாள். நான் உருளை இழுத்துக்கொண்டே கனவு காண்பேன். கொழும்பு, கிண்ணம், பேப்பரில் படம். ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டேன்.

"அக்கா, என்ரை பிள்ளை வருவாளோ?"

"எங்கை?"

"விளையாட்டிலை. பெரிய ஆளாய்."

பந்துக் கூடையைக் கீழே வைத்தார். "இல்லைத் தம்பி. வரமாட்டாள். கால் பிந்துது. நான் பாத்துப் பாத்துத்தான் சொல்லுறன்."

நான் உருளையின் பிடியை எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

"நில்லும், முழுக்கக் கேளும். அவளின்ரை கண்ணைப் போலை நான் கண்டதில்லை. பந்து கோட்டிலை பட்டதோ இல்லையோ எண்டு எனக்கே ஐமிச்சம் வரேக்கை அவளுக்கு வராது. அவளை உந்த உயரக் கதிரையிலை ஏத்துவம்."

கொஞ்ச நாள் அக்காவோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டே தண்ணீர் தெளித்தேன். அவர் வந்து சமாதானம் சொல்லவும் இல்லை. "அங்காலை கொஞ்சம் கூட விடும்" என்று தண்ணீரைப் பற்றித்தான் சொன்னார். கடைசியில் மகள்தான், "அப்பா, எனக்கு முந்தியே தெரியும். உங்களுக்குத்தான் தெரியாமல் இருந்தது. எனக்குக் கதிரைதான் விருப்பம்" என்றாள். இன்றைக்கு அவள் கொழும்புக்குப் போய்ப் பெரிய போட்டிகளில் கதிரையில் இருந்து புள்ளி சொல்கிறாள். இரண்டு மூன்று வருடம் வீணாய் ஓடி, அழுது, பிறகு தெரிந்துகொள்ள வேண்டியதை அக்கா ஒரே பின்னேரத்தில் சொல்லிவிட்டார். அப்போது அது எனக்குக் கொடுமையாகத்தான் பட்டது.

அந்த நேரத்தில்தான் காணிக்காரர் வந்து இறங்கினார். குத்தகை முடிகிற காலம். கூடவே தரகர். சந்திக்குக் கிட்ட இவ்வளவு பெரிய காணியில் பந்தடிப்பதா, மண்டபம் கட்டினால் வருடம் முழுக்கக் கலியாணம்தான் என்று தரகர் அவர் காதுக்குள் ஓதிக்கொண்டிருந்தார்.

என் நிலையை நினைத்துப் பாருங்கள். திடல் போனால் எனக்கு வேலை போய்விடும். இந்த முதுகோடு இனி வெங்காயத் தோட்டத்தில் கூலிக்குக் குனியவேண்டும். மகளின் கதிரையும் போய்விடும். அந்த ஆறு பிள்ளைகளில் இரண்டு பேரைக் கொழும்பில் நாட்டு அணித் தெரிவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள், அதுவும் போய்விடும்.

காணிக்காரர் நல்ல மனுசன்தான். ஐம்பது வயது. கனடாவில் ஏதோ கிளப்பில் ரெனிஸ் விளையாடுகிறவராம். பை நிறைய மட்டைகளோடு வந்திருந்தார். திடலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அக்கா, நாளைக்கு ஒரு ஆட்டம் போட்டுப் பாப்பமே?" என்றார்.

"ஓம், போடுவம்" என்றார் அக்கா.

அவர் போனதுதான் தாமதம், வங்கிக்காரர் ஓடிவந்தார்.

"அக்கா, இது சாமி தந்த வழி. நாளைக்குக் கொஞ்சம் பாத்து விளையாடுங்கோ."

"எதைப் பாத்து?"

"இல்லை... மனுசன் சந்தோசமாய்ப் போகோணும். நாலு கேம், அஞ்சு கேம் விட்டுக் குடுத்து, வேணுமெண்டால் முழுசாவே..."

"அவர் என்னோடை விளையாடக் கேட்டவர். நான் அவரோடை விளையாடப் போறன்."

"உங்களுக்கென்ன அக்கா, தோக்கத் தெரியாதோ?"

"நல்லாத் தெரியும். நான் தோத்த அளவுக்கு இந்தப் பக்கத்திலை ஒருத்தரும் தோத்திருக்க மாட்டினம். ஆனால் அதெல்லாம் உண்மையாத் தோத்தது. பொய்க்கு விட்டுக் குடுத்தால் வலைக்கு அங்காலை நிக்கிற மனுசனைச் சின்னப்பிள்ளையாக்கிற மாதிரி."

வங்கிக்காரர் என்னைப் பார்த்தார், நீயும் சொல்லு என்கிற மாதிரி. நான் "அக்கா, என்ரை..." என்று தொடங்கினேன். "வேலை" என்ற சொல் வரவில்லை.  அக்கா என்னைப் பார்த்தார். 

அடுத்த நாள் பின்னேரம் வெயில் சரிந்த பிறகு தொடங்கினார்கள். முதல் கேம் அக்கா அடித்துத் தொடக்குகிற முறை. ஒரு பந்தும் காணிக்காரரின் மட்டையில் ஒழுங்காய்ப் படவில்லை. கேம் அக்காவுக்கு. தரகர் சுருளை அக்குளுக்குள் வைத்துக்கொண்டு புன்னகைத்தார்.

இரண்டாவது, காணிக்காரர் அடித்துத் தொடக்குகிற முறை. முதல் பந்தே மெத்தென்று வந்தது. நடுத்திடலில், இடுப்பளவு உயரத்தில், வெற்றிலையைத் தட்டில் வைத்துத் தருகிற மாதிரி. கண்ணை மூடிக்கொண்டும் அக்கா அடிக்கிற பந்து அது. அடித்தார். கோட்டுக்கு வெளியே, ஒரு ஆள் நீளத்துக்குத் தள்ளிப் போய் விழுந்தது.

 வேலியில் ஆடு இலை கடிக்கிற சத்தம் கேட்டது.

வங்கிக்காரர் மட்டும் கையைத் தட்டினார். "நல்ல பந்து ஐயா! நல்ல பந்து!"

காணிக்காரர் மட்டையை இறக்கிவிட்டு வலைக்குக் கிட்ட வந்தார்.

"அக்கா, உது என்ன?"

"வெளியிலை போட்டுது."

"உங்களுக்கு உது வெளியிலை போற பந்தோ?"

அக்காவின் முகத்தை நான் அப்படி ஒருநாளும் கண்டதில்லை. சிவந்து, இறுகி, களவெடுத்துப் பிடிபட்ட பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. 

"இல்லை" என்றார். "வேணுமெண்டுதான் அடிச்சனான். மன்னிக்கோணும். இனி அப்பிடி நடக்காது. அந்தப் புள்ளியைத் திருப்பி விளையாடுவம்."

அப்போது மேலே கதிரையிலிருந்து என் மகளின் குரல் வந்தது. "ஏலாது அக்கா. வெளியிலை விழுந்தால் வெளியிலைதான். புள்ளி அவருக்கு."

என் மனைவி குடையால் முகத்தை மறைத்துக்கொண்டாள். அக்கா நிமிர்ந்து கதிரையைப் பார்த்தார். அவ்வளவு வெட்கத்துக்குள்ளும் அவர் கண்ணில் ஒரு சந்தோசம் தெரிந்தது. "சரி, சரி. புள்ளி அவருக்கு."

பிறகு நடந்ததை விவரிக்க எனக்குச் சொல் காணாது. காணிக்காரரை அங்கேயும் இங்கேயும் ஓடவிட்டார். முன்னுக்கு இழுத்தார், பின்னுக்குத் தள்ளினார். மனுசன் செம்மண்ணில் சறுக்கி, காற்சட்டை முழுக்கச் சிவப்பாக்கிக்கொண்டு, ஆனால் ஒரு பந்தையும் ஓடாமல் விடவில்லை. நான்காவது கேமோ ஐந்தாவது கேமோ, இடப்பக்க மூலைக்குப் பாய்ந்து, உடம்பை முழுக்கத் திருப்பி ஒன்று அடித்தார். அக்கா அதற்குப் பின்னால் உண்மையாகவே ஓடினார். எட்டவில்லை. பந்து கோட்டின் சுண்ணாம்பைத் தொட்டுக்கொண்டு போனது. என் மகள் "உள்ளுக்கை" என்றாள். அக்கா மட்டை நரம்பில் உள்ளங்கையால் தட்டிப் பாராட்டினார்.

அந்தப் பொய்ப் புள்ளியையும் இந்தப் புள்ளியையும் விட்டால் அவருக்கு வேறொன்றும் இல்லை. ஆறுக்குப் பூச்சியம். அக்கா வலைக்கு வந்து கை கொடுத்து, "கடைசி மட்டும் ஓடினியள்" என்றார். காணிக்காரர் தலையை ஆட்டினார். மட்டைகளைப் பையில் வைத்துக்கொண்டு வாகனத்தில் ஏறினார். தரகர் அவருக்கு முன்னாலேயே போய்க் கதவைத் திறந்து பிடித்தார். 

"நாலு கேம் குடுத்திருந்தால் உங்களுக்கு என்ன குறைஞ்சு போயிடும்?" என்று வங்கிக்காரர் பொரிந்து தள்ளிவிட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனார். எல்லாரும் போன பிறகு நானும் அக்காவும் திடலைச் சீர்ப்படுத்தினோம். நான் உருளையை இழுக்க, அவர் கோட்டில் படிந்த மண்ணைத் தும்புத்தடியால் கூட்டிக்கொண்டு வந்தார்.

"அக்கா, அந்தப் பந்து..."

"உமக்காகத்தான்" என்றார், கேட்டு முடிக்க முதலே. "நீர் அந்தக் குழாயைப் பிடிச்சுக்கொண்டு நிண்ட நிலையைப் பாத்தன். ஒருக்கா முயற்சி செய்து பாப்பம் எண்டு நினைச்சன்."

நான் உருளையை விட்டுவிட்டேன்.

"என்னை நல்லவள் எண்டு நினைக்காதையும் தம்பி. இது முதல் தரமும் இல்லை. அங்கை ஒரு சின்ன ஊரிலை, கையிலை பஸ்சுக்கும் காசில்லை. ஒருத்தன் வந்து, நாளைக்குத் தோத்தால் இவ்வளவு தாறன் எண்டான். நான் மாட்டன் எண்டு சொல்லேல்லை. ஓம் எண்டனான். தோக்க எண்டுதான் இறங்கினனான். கை கேக்கேல்லை. வெளியிலை அடிப்பம் எண்டு அடிச்சால் உள்ளுக்கை விழுது. கடைசியிலை வெண்டுபோட்டு, அவனுக்குப் பயந்து றெயில் ஸ்ரேசன்லை பெண்டுகளின்ரை கக்கூசுக்குள்ளை ஒளிச்சிருந்தனான். இண்டைக்கு ஒரு பந்தை வெளியிலை அடிச்சுப்போட்டன். பாரும், அதிலையும் பிடிபட்டுப் போனன்."

சிரித்தார். நானும் சிரிக்கத்தான் பார்த்தேன். கண் கலங்கிவிட்டது. என் வாழ்க்கையில் எனக்காக எத்தனையோ பேர் பொய் சொல்லியிருக்கிறார்கள். அது அவர்களுக்கு லேசு. தனக்கு ஏலாத ஒன்றை எனக்காகச் செய்து பார்த்தவர் இவர் ஒருத்தர்தான்.

அடுத்த நாள் விடிய நான் படலையைத் திறக்கப் போனால், காணிக்காரர் வாசலில் நிற்கிறார். தனிய. தரகர் இல்லை. தோளில் பை. என் கையிலிருந்த திறப்பு கீழே விழுந்துவிட்டது. அக்கா உள்ளே பந்துகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். காணிக்காரர் நேரே அவரிடம் போனார்.

"அக்கா, நேற்று ரண்டு புள்ளி எடுத்தனான். முதலாவது என்ரையில்லை. ரண்டாவது?"

"அது உங்கடை. முழுக்க முழுக்க உங்கடை."

அந்த மனுசனின் முகத்தைப் பார்க்கவேண்டுமே! பிறகு ஓரத்தில் கிடந்த ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார்.

"ஒண்டு கேக்கிறன். ஊருக்கு வந்து இறங்கின நாளிலை இருந்து எல்லாரும் எனக்கு நான் விரும்பிறதைத்தான் சொல்லினம். மண்டபம் கட்டினால் ஓடும் எண்டு தரகர் சொல்லுறான். நீங்கள் சொல்லுங்கோ, ஓடுமோ?"

நான் உருளைக்குப் பின்னால் நின்றேன். இருக்கிற சாமியெல்லாம் கும்பிட்டேன். ஓடாது என்று சொல்லுங்கோ அக்கா. ஒரு சொல். ஓடாது.

அக்கா சந்திப் பக்கம் பார்த்தார். யோசித்தார். "ஓடும் போலைதான் கிடக்கு. சந்தி கிட்ட. கோயில் கிட்ட. சனம் வரும்."

முடிந்தது என்று நினைத்தேன்.

"அப்ப நான் என்ன செய்ய?" என்றார் காணிக்காரர்.

"காணி உங்கடை. எனக்கு இது வேணும். பிள்ளையளுக்கு வேணும். உந்தத் தம்பிக்கு வேணும். அதுக்கு மேலை எனக்குச் சொல்லத் தெரியேல்லை."

காணிக்காரர் மண்ணைக் காலால் கிளறிக்கொண்டு கனநேரம் இருந்தார். நான் போட்ட கோட்டை அழிக்கிறாரே என்று அந்த நிலைமையிலும் எனக்கு ஒரு பதகளிப்பு.

"மண்டபம் நிக்கட்டும்" என்றார். "மூண்டு வரியத்துக்கு எழுதுவம். பிறகு பாப்பம்." எழும்பி நின்று பையைத் திறந்தார். "அந்தப் பந்தைத் திருப்பியும் அடிக்கிறது எப்பிடி எண்டு காட்டித் தருவியளோ?"

"காட்டுவன். ஆனால் பழக்கத்துக்குக் காசு."

"என்ரை காணியிலையோ?"

"காணிக்கு நாங்கள் குத்தகை தாறம். பழக்கத்துக்கு நீங்கள் தாங்கோ."

மனுசன் விழுந்து விழுந்து சிரித்தார். திரும்பப் பறக்கிற வரைக்கும் ஒவ்வொரு நாள் விடியவும் வந்தார். ஒரு நாளும் அக்கா அவருக்கு லேசான பந்து போடவில்லை.

அந்த இரண்டு பிள்ளைகளும் கொழும்பில் தெரிவானார்கள். அடுத்த வருடம் இன்னும் ஒருத்தி. யார் பழக்கியது என்று விசாரித்துக்கொண்டு கொழும்பிலிருந்து ஆட்கள் வந்தார்கள். இப்போது நாட்டுக்காக விளையாடப் போகிற சின்னப் பிள்ளைகளுக்கு அக்காதான் கோச். இங்கே அவர் பழக்கிய மூத்த பிள்ளைகளே மற்றப் பிள்ளைகளைப் பழக்குகிறார்கள். போகிற அன்று நான் அழுதுகொண்டு, "இனி நான் எப்பிடிச் சமாளிப்பன் அக்கா?" என்றேன். வேறு யாரென்றாலும் "நல்லாச் சமாளிப்பீர்" என்றிருப்பார்கள். அவர், "முதல் கொஞ்ச நாள் கஷ்டப்படுவீர்" என்றார். அப்படியேதான் நடந்தது. கொஞ்ச நாள் கஷ்டப்பட்டேன். "கொஞ்ச நாள்" என்று அவர் சொன்னதற்குள்ளேயே அது ஒரு நாள் முடியும் என்பதும் இருந்தபடியால் தாங்கக்கூடியதாக இருந்தது.

எனக்கு இப்போதும் பயம் போகவில்லை. போய்விட்டது என்று எழுதினால் அக்கா வாசித்துவிட்டுச் சிரிப்பார். ஆனால் யாரிடமும் நேரே ஒன்றைக் கேட்கலாம், நேரே வருகிற பதிலால் உயிர் போகாது என்று தெரிந்துகொண்டேன். எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு அது பெரிய படிப்பு. நன்றி என்று அவரிடம் வாயால் ஒரு நாளும் சொன்னதில்லை. இப்படி எழுதித்தான் சொல்லமுடிகிறது.

போன மாதம் அந்த மூன்று வருடம் முடிந்தது. கனடாவுக்குப் போன் எடுத்துக் கதைக்கவேண்டும். இன்னொரு சிக்கலும் இருந்தது. காணிக்காரர் அந்த முறை அவசரமாய் விமானத்துக்குப் போனவர், பழகின காசைக் கொடுக்கவில்லை. மறதிதான்.

"காணியைக் கேக்கேக்கை காசைக் கேட்டு வைக்காதேங்கோ. ரண்டும் போயிடும்" என்றாள் மனைவி.

அக்காவுக்கு எடுத்து, "அந்தக் காசை விடுவமே?" என்று கேட்டேன்.

"வலை கிழிஞ்சு கிடக்கெண்டு நீர்தானே சொன்னீர். திடலின்ரை காசு அது. விடுறதோ வாங்கிறதோ, நீரே யோசியும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மூன்று தரம் இலக்கத்தை அமத்தி அமத்தி நிறுத்தினேன். நாலாம் தரம் மணி போனது. "ஐயா, ரண்டு விசயம்" என்று தொடங்கி, ஒரே மூச்சில் இரண்டையும் கேட்டேன்.  அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு.

"அக்காவோடை இருந்து நீரும் கெட்டுப் போனீர் தம்பி! காணி இன்னும் மூண்டு வரியத்துக்கு இருக்கட்டும். காசை நான் வரேக்கை கையிலை தாறன். எவ்வளவு எண்டு சொன்னீர்?"

இன்னொரு தரம் சொன்னேன். அவர் இன்னும் வரவில்லை. தரவேண்டியது ஐயாயிரத்து நானூறு ரூபாய்.